வீட்டில் ஒருவருக்கு மனநோய்: சொந்தபந்தம் எதுவரை வரலாம்? செட்டிநாட்டுக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர் பக்கமிருந்து சிகிச்சைக்கு வரும் குடும்பங்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மனநலச் சமூகப் பணியாளர். மருந்து எழுதுவது மனநல மருத்துவர். நோயாளியோடும் வீட்டாரோடும் உட்கார்ந்து பேசுவது என் வேலை. உதாரணத்துக்குச் சொல்லும் ஆட்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

நோய் ஒருத்தருக்கு. வீட்டையே ஏன் கூப்பிடுகிறீர்கள்?

மருத்துவர் அவரைப் பார்ப்பது மாதத்துக்கு ஒருமுறை, கொஞ்ச நேரம். மற்ற நேரமெல்லாம் அவர் வீட்டில்தான் இருக்கிறார். தூக்கம் குறைவது, குளிக்காமல் இருப்பது, தனக்குள் பேசிக்கொள்வது, இருந்தாற்போல் பணத்தை வாரி இறைப்பது எல்லாம் முதலில் வீட்டார் கண்ணில்தான் படும்.

நம் நாட்டில் இது புதிய ஏற்பாடும் இல்லை. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், இடநெருக்கடிக்கு நடுவே வளாகத்தில் கூடாரம் அடித்து, நோயாளிகளோடு உறவினரையும் தங்க வைத்தார். 1957 முதலே வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையத்தில் உறவினர் ஒருவர் கூடவே தங்குவது வழக்கம். மேல்நாடுகளில் பல மருத்துவமனைகள் சொந்தக்காரர்களை வாசலோடு நிறுத்திவைத்திருந்த காலம் அது.

அதற்காகக் குடும்பம் என்றாலே நல்லது என்று சொல்லிவிட மாட்டேன். அதே 1950களின் கடைசியில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற ஆய்வாளர், மனநல மருத்துவமனையிலிருந்து வெளியே போன ஆண்களைத் தொடர்ந்து கவனித்தார். தனி அறை எடுத்துத் தங்கியவர்களையும் அண்ணன் தம்பி வீட்டில் இருந்தவர்களையும்விட, பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பிப் போனவர்கள் அதிகமாக மறுபடி வந்து சேர்ந்தார்கள். அது ஏன் என்பதைக் கீழே, பேசும் விதம் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு சேதி என்றால் பங்காளி, தாயபிள்ளை, சம்பந்தி வீடு எல்லாம் வந்துவிடும். யாரை அழைத்து வருவது?

நோயாளி சொல்லும் ஆட்களை. அதிகம் போனால் மூன்று நான்கு பேர்.

ஒரு சமயம் முப்பது வயது தாண்டிய ஒருவரோடு அப்பா, இரண்டு சித்தப்பா, அயித்தான், பெரியம்மா மகன் என்று கார் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஆளாளுக்கு ஒரு கதை சொன்னார்கள். ஒருவர் பேச்சில் இன்னொருவருக்குக் குற்றச்சாட்டு இருந்தது. நடுவில் அவர் தலையைக் குனிந்துகொண்டு விரல் நகத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தார். எல்லோரையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு ஒரு வெள்ளைத்தாளில் நடுவே அவர் பெயரை எழுதி, மூன்று கேள்வி கேட்டேன். வாரத்தில் யார் யாரோடு பேசுகிறீர்கள்? யார் பேச ஆரம்பித்தால் அறைக்குப் போய்விடலாம் போல இருக்கிறது? ராத்திரி ரெண்டு மணிக்குப் பயம் வந்தால் யாரை எழுப்புவீர்கள்?

கடைசிக் கேள்விக்கு அவர் சொன்ன பெயர், வெளியே உட்கார்ந்திருந்த யாருடையதும் இல்லை. அந்த வீட்டில் பல வருஷமாகச் சமைக்கும் அம்மா. தூக்கம் வராத இரவுகளில் நோயாளி பின்கட்டுக்குப் போய்த் தண்ணீர் குடிப்பார். செம்பு வைக்கும் சத்தம் கேட்டு அந்த அம்மா எழுந்து இரண்டு வார்த்தை பேசுவார். எத்தனை நாளாக அவருக்குத் தூக்கம் இல்லை என்பது வீட்டில் அந்த அம்மாவுக்கு மட்டும்தான் சரியாகத் தெரிந்திருந்தது. அடுத்த முறை அந்த அம்மாவும் வந்தார். ஆனால் மாத்திரைப் பொறுப்பை அவர் தலையில் கட்ட விடவில்லை. சம்பளத்துக்கு வேலை பார்ப்பவரிடம் இதையும் சேர்த்துத் தள்ளுவது நியாயமில்லை, அது வீட்டார் வேலை.

வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை இருக்கட்டும். ஒருவர் மாத்திரையைக் கவனிப்பார், ஒருவர் அழைத்து வருவார், ஒருவர் சாயங்காலம் கூட நடப்பார், ஒருவர் செலவைப் பார்ப்பார். வேலை ஏதும் இல்லாமல் வருபவர் புத்தி சொல்லத்தான் வருவார். மற்ற சொந்தங்களுக்குச் சொல்ல, நோயாளியும் ஒப்புக்கொண்ட ஒரே ஒரு வாக்கியம் போதும்: "உடம்புக்கு முடியல, வைத்தியம் நடக்குது, இப்ப பரவாயில்லை." முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் பிள்ளையார் நோன்புக்கும் எல்லோரும் கூடும்போது அந்த வாக்கியத்தையே எல்லோரும் சொல்லட்டும். எவ்வளவு நேரம் இருக்க முடியும், முடியாவிட்டால் யார் அவரை வீட்டுக்குக் கூட்டிப்போவது என்பதையும் கிளம்பும் முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

"வீட்டில் எதுவும் சொல்லாதீங்க" என்று நோயாளி கேட்டுக்கொண்டால்?

சொல்ல மாட்டோம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 23ஆவது பிரிவில் அவருக்கு அந்த உரிமையைத் தந்திருக்கிறது. உயிருக்கு ஆபத்து, பிறருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில நிலைமைகளுக்கு மட்டும் விலக்கு.

அவர் சொன்னதை உங்களிடம் சொல்லத்தான் எங்களுக்குத் தடை. நீங்கள் கண்டதை எங்களிடம் சொல்ல எந்தத் தடையும் கிடையாது. நோயைப் பற்றிப் பொதுவாக விளக்கிச் சொல்லவும் எங்களால் முடியும். இன்னொன்று: "சொல்லாதீங்க" என்பவரிடம் எதை, யாரிடம் என்று பொறுமையாகக் கேட்டால் கதவு கொஞ்சம் திறக்கும். கடன் விஷயம் அப்பாவுக்குத் தெரிய வேண்டாம், மாத்திரை விவரம் அக்காவுக்குத் தெரிந்தால் பரவாயில்லை என்கிற மாதிரி அளந்து சொல்வார்கள்.

நியமனப் பிரதிநிதி என்றால் யார்? அப்பா அம்மாதானே?

கட்டாயமில்லை. பதினெட்டு வயது நிரம்பிய எவரும் தனக்காகப் பேச ஒருவரை முன்கூட்டியே நியமித்துக்கொள்ளலாம். அதே சட்டத்தின் 14ஆவது பிரிவு. வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைரேகையோ வைத்தால் போதும். அந்த நபரும் வயது வந்தவராக இருந்து, எழுத்தில் சம்மதிக்க வேண்டும். சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை, சிநேகிதரும் ஆகலாம். பிறகு மனம் மாறினால் ஆளையும் மாற்றலாம். யாரையும் நியமிக்கவில்லை என்றால்தான் உறவினர், பராமரிப்பவர் என்று வரிசையாகப் போகும். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் சட்டப்படியான காப்பாளரே பிரதிநிதி.

நோய் முற்றி, தானாக முடிவெடுக்க முடியாத நிலையில் ஒருவரைச் சேர்க்க வேண்டி வந்தால் விண்ணப்பம் தருவது இந்தப் பிரதிநிதிதான். அப்போதும் இரண்டு வல்லுநர்கள் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும், அவர்களில் ஒருவர் மனநல மருத்துவராக இருக்க வேண்டும். முதல் அனுமதி முப்பது நாளைத் தாண்டாது. ஆகவே ஆள் தெளிவாக இருக்கும்போதே இதைப் பேசி எழுதிவைப்பது நல்லது. எப்படிப்பட்ட சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதையும் முன்னறிவுறுத்தலாக எழுதிவைக்க 5ஆவது பிரிவு வழி செய்கிறது.

பெரிய வீட்டை விற்கப் பேசுகிறோம். அவருக்கும் பங்கு உண்டு. "மனநிலை சரியில்லை" என்று ஒரு சர்டிபிகேட் கிடைக்குமா?

இந்தக் கேள்வி நீங்கள் நினைப்பதைவிட அடிக்கடி வருகிறது. பாட்டன் கட்டிய வீடு, இன்று ஏகப்பட்ட பங்குதாரர்கள், எல்லோர் கையெழுத்தும் வேண்டும், ஒருவர் மாத்திரை சாப்பிடுகிறார். அந்த ஒருவரைத் தள்ளிவிட்டால் வேலை சுலபம் என்று யாருக்காவது தோன்றிவிடுகிறது.

மனநோய் இருக்கிறது என்பதாலேயே ஒருவர் சித்த சுவாதீனம் இல்லாதவர் ஆகிவிட மாட்டார் என்று சட்டத்தின் 3ஆவது பிரிவு சொல்கிறது. அதை முடிவு செய்ய வேண்டியது தகுதியுள்ள நீதிமன்றம். சிகிச்சைச் சீட்டைக் காட்டி யாருடைய பங்கையும் எழுதி வாங்க முடியாது. சிகிச்சைக்கு அழைத்து வருபவரும் பாகப்பிரிவினை பேசுபவரும் ஒரே ஆளாக இருந்தால், நோயாளி எங்களையும் சேர்த்துத்தான் சந்தேகப்படுவார். அந்தச் சந்தேகத்தை நோயின் அறிகுறி என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. சொத்துப் பேச்சு முடியும்வரை வேறு ஒருவர் கூட வரட்டும்.

வீட்டில் எப்படித்தான் பேசுவது? எதைச் சொன்னாலும் தப்பாகிறது.

மேலே சொன்ன பிரவுனின் வேலையிலிருந்து கிளைத்த ஆய்வுகள் மூன்று விஷயங்களைக் குறிவைத்தன: குத்திக் குத்திப் பேசுவது, ஆளையே வெறுத்துப் பேசுவது, அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்தி வளர்ப்பது. கிறிஸ்டின் வான், ஜூலியன் லெஃப் இருவரும் 1976இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சிதைவு நோயுள்ளவர் இப்படிப்பட்ட ஒருவரோடு வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகம்பார்த்து இருந்து, மாத்திரையும் சாப்பிடாவிட்டால் நோய் திரும்பும் வாய்ப்பு மிக அதிகம் என்று வந்தது. 1980களில் சண்டிகரில் டாக்டர் விக் குழுவினர் இதே அளவுகோலை வைத்துப் பார்த்தபோது, லண்டன் வீடுகளைவிட நம் வீடுகளில் குத்தல் பேச்சு வெகுவாகக் குறைந்திருந்தது. அது வடக்கே, நாற்பது வருஷத்துக்கு முந்திய கதை. அதை நினைத்துக்கொண்டு நாம் சும்மா இருந்துவிட முடியாது.

நான் அதிகம் கேட்கும் குத்தல் காலை ஒன்பது மணிக்குரியது. "எந்திரி. ஊர்ல எல்லாரும் வேலைக்குப் போயாச்சு. தின்னுட்டுத் தூங்குறதுக்கா பெத்தேன்?" மனச்சிதைவில் குரல் கேட்பதும் சந்தேகமும் மருந்தில் அடங்கிய பிறகும், எதிலும் நாட்டமில்லாமை, பேச்சுக் குறைவு, எழுந்து ஒரு காரியம் தொடங்க முடியாமை ஆகியவை நெடுநாள் நிற்கும். அதுவும் நோய்தான். சில மாத்திரைகளின் மந்தமும் அதோடு சேரும். கத்துகிறவரை நோயாளி என்று ஏற்றுக்கொள்ளும் வீடு, படுத்தே கிடப்பவரைச் சோம்பேறி என்று முடிவு கட்டிவிடுகிறது.

"இட்லி எடுத்து வச்சாச்சு. பல் தேய்ச்சிட்டு வா, சேர்ந்து சாப்பிடலாம்" என்று சொல்லிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு காரியம், செய்துவிட்டால் அதைக் கவனித்ததாக ஒரு வார்த்தை. எதிர்ப்பக்கமும் உண்டு. முப்பத்தைந்து வயது மகனுக்குச் சோறு பிசைந்து கொடுத்து, வாளியில் தண்ணீர் பிடித்துவைத்து, அவன் வாயைத் திறக்கும் முன்பே பதில் சொல்லும் அம்மாவும் அவனை எழ விடுவதில்லை.

இந்த ஊர் வீடுகளுக்கு ஒரு வசதி உண்டு. முகப்பு, பட்டாலை, வளவு என்று இடம் நீண்டு கிடக்கிறது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய அவசியமில்லை, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருக்கலாம். அந்த வசதியை மாடி அறையில் ஆளை விட்டுவிட்டு வாசலில் தட்டை வைத்துப் போவதாக மாற்றிவிடாதீர்கள்.

மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். அவனை எப்படிச் சேர்ப்பது?

வீடியோ காலில் சேர்ந்துகொள்ளலாம், நாங்களும் அப்படிப் பேசுகிறோம். தூரத்தில் இருப்பவர் பணம் அனுப்புகிறார், அதனால் தீர்ப்பும் அவரே சொல்கிறார், பக்கத்தில் இருந்து பாடுபடுபவரைக் குறையும் சொல்கிறார் என்ற சிக்கல்தான் அடிக்கடி வருகிறது. அவருக்கு என் யோசனை: வாரத்தில் ஒரு நாள், நோயைப் பற்றிப் பேசாத ஒரு கால். கிரிக்கெட், சினிமா, ஊர்க்கதை எதுவானாலும் சரி.

கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்கிறார்களே? சம்பந்தம் பேசும் வீட்டில் சொல்ல வேண்டுமா?

கல்யாணம் மருந்தாகாது. கட்டிக்கொடுத்தபின் புது இடம், தூக்கக் குறைவு, மறைத்து மறைத்து மாத்திரை போடும் அவஸ்தை, பிறகு மாத்திரையையே நிறுத்துவது என்று போய், ஆறே மாதத்தில் மருத்துவமனைக்கு வந்து நிற்பார்கள். "வீட்டுல யாராவது பார்த்துட்டா" என்பதற்காக மாத்திரையைக் குப்பையில் போட்ட பெண்கள் உண்டு.

சொல்லத்தான் வேண்டும் என்பது என் கருத்து. நிச்சயத்துக்கு முன், மாப்பிள்ளையும் பெண்ணும் நேருக்கு நேர், தேவைப்பட்டால் மருத்துவர் முன்னிலையில். மறைத்துச் செய்த கல்யாணம் நீதிமன்றம்வரை போகவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. இன்னொரு காரணம் இன்னும் அவசரமானது: மிதமிஞ்சிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ நோய்க்குத் தரும் வால்ப்ரோயேட் மருந்து கருவிலுள்ள குழந்தைக்குப் பிறவிக் கோளாறு உண்டாக்கக்கூடியது. பிள்ளைப்பேறு பற்றிய எண்ணம் இருந்தால் முன்னதாகவே மருத்துவரிடம் சொல்லி மருந்தை மாற்ற வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது. பிரசவம் ஆன முதல் சில வாரங்களில் இந்த நோய் திரும்பும் ஆபத்தும் கூடுதல். கணவருக்கே தெரியாத நோய்க்கு இதையெல்லாம் யார் பார்ப்பது?

மாத்திரையைச் சோற்றில் கலந்து கொடுக்கிறோம். தப்பா?

தப்பு. என்றைக்காவது தெரியவரும், அன்றிலிருந்து வீட்டுச் சாப்பாட்டையே நம்ப மாட்டார். சந்தேக நோய் உள்ளவருக்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டாம். ஏன் சாப்பிட மறுக்கிறார் என்பதை எங்களிடம் சொல்லுங்கள். உடம்பு பருமன், கை நடுக்கம், ஆண்மைக் குறைவு என்று காரணம் இருக்கும், மாற்று வழியும் இருக்கும். மாதம் ஒருமுறை போடும் ஊசியும் உண்டு.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகலாமா? விரதம் இருக்கலாமா?

மருத்துவரைக் கேட்டுவிட்டுப் பெரும்பாலோர் போகலாம், நல்லதும்கூட. குன்றக்குடியிலிருந்து காவடியோடு கிளம்பும் கூட்டத்தில் ஒருவராக நடப்பது, நோயாளி என்ற பெயர் இல்லாமல் நாலு பேரோடு இருக்கக் கிடைக்கும் அரிய நாட்கள்.

இருதுருவ நோய்க்குத் தரும் லித்தியம் மாத்திரை சாப்பிடுபவர் மட்டும் கட்டாயம் முன்கூட்டியே பேச வேண்டும். வியர்வையில் தண்ணீரும் உப்பும் வெளியேறினாலோ, உப்பில்லா விரதம் இருந்தாலோ, வாந்தி பேதி வந்தாலோ ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். கால்வலிக்கு என்று கூட நடப்பவர் நீட்டும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளும் அதை ஏற்றும். அப்படிப் போன பிறகு கை பலமாக நடுங்கினால், நடை தள்ளாடினால், பேச்சு குழறினால் அடுத்த வேளை லித்தியம் கொடுக்காமல் உடனே மருத்துவமனை. கூட நடப்பவரில் ஒருவருக்காவது இது தெரிந்திருக்க வேண்டும்.

மந்திரிக்கிறோம், கோயிலில் தங்க வைக்கிறோம். நிறுத்தச் சொல்வீர்களா?

மாட்டேன். கொப்புடையம்மனிடம் வேண்டிக்கொள்வதும் தர்காவில் கயிறு கட்டுவதும் உங்கள் நம்பிக்கை. மாத்திரையை நிறுத்தச் சொன்னால், அடித்தால், பட்டினி போட்டால், சங்கிலி போட்டால் அங்கிருந்து உடனே கிளம்புங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் பிணைத்திருந்ததால் ஓட முடியவில்லை. அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் பெரும்பாலும் வேறு வழி தெரியாத குடும்பங்கள். எந்த வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்று 2017 சட்டம் 95ஆவது பிரிவில் தடை செய்திருக்கிறது.

சாகப் போகிறேன் என்கிறார். என்ன செய்வது?

தனியே விடாதீர்கள். "சாகணும்னு தோணுதா, எப்படின்னு யோசிச்சியா" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் புதிதாக எண்ணம் முளைக்காது. பூச்சிமருந்து, கயிறு, மிச்ச மாத்திரைகளை வீட்டைவிட்டே அகற்றுங்கள். இரவானாலும் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. ஏற்கெனவே எதையாவது விழுங்கியிருந்தால் 108. போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து நேரத்தைக் கடத்த வேண்டாம். கடும் மன அழுத்தத்தில் செய்தார் என்றே 2017 சட்டத்தின் 115ஆவது பிரிவு எடுத்துக்கொள்கிறது.

பார்த்துப் பார்த்து எனக்கே ஓய்ந்துவிட்டது.

இதைச் சொல்வது பெரும்பாலும் வீட்டுப் பெண்களான ஆச்சிமார்தான், அதுவும் மற்றவர்கள் எழுந்து போனபின் கதவருகே நின்று. வருஷக்கணக்கில் ராத்தூக்கம் கெட்டவருக்கும் மனச்சோர்வு வரும், அவருக்கும் தனிச் சீட்டு போட்டுப் பார்க்கிறோம். வீட்டில் முறை வைத்துக்கொள்ளுங்கள். வரிப்பணம் கேட்டால் புள்ளிக் கணக்கு, அதாவது கல்யாணமான குடும்பத்துக்கு ஒரு புள்ளி என்று பார்த்துப் பிரித்துக்கொள்ளும் ஊர் இது. ஆள் உழைப்பையும் அப்படிப் பிரிக்கலாம்: மாதத்தில் இரண்டு நாள் சித்தப்பா வீட்டில், ஒரு மருத்துவமனைப் பயணம் தம்பியுடையது என்று. "நான் இருக்கேன், கவலைப்படாதீங்க" என்பவரிடம் தேதியைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

அத்தை ஒருவர் மட்டும் பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார். சொந்தம் எல்லாம் சென்னையில், வெளிநாட்டில்.

அப்போது தெருதான் சொந்தம். பால் ஊற்றுபவர், மருந்துக்கடைக்காரர், எதிர்வீடு, கோயில் குருக்கள். நோயின் பெயரை இவர்களுக்குச் சொல்ல வேண்டாம். "காலையில ஆச்சி கதவு திறக்கலேன்னா இந்த நம்பருக்கு ஒரு போன் பண்ணுங்க" என்பது போதும். அத்தையின் சம்மதத்தோடு.

வெளிநாட்டில் சுற்றத்தையே கூட்டிச் சிகிச்சை செய்கிறார்களாமே?

ஆமாம். 1980களில் பின்லாந்தின் மேற்கு லாப்லாந்தில் யாக்கோ செய்க்குலாவும் கூட்டாளிகளும் உருவாக்கிய திறந்த உரையாடல் முறை. நெருக்கடி என்று தகவல் வந்த 24 மணி நேரத்துக்குள் நோயாளி, வீட்டார், அவர் விரும்பும் நண்பர்கள், சிகிச்சைக் குழு எல்லோரும் ஒன்றாக உட்காருவார்கள். அவரைப் பற்றி அவர் இல்லாத இடத்தில் எந்த முடிவும் எடுப்பதில்லை. அவ்வளவு ஆள்பலம் இங்கே கிடையாது. ஆனால் அந்தக் கடைசி விதியைப் பின்பற்றக் காசு வேண்டாம்.

எங்கே போவது? என்ன எடுத்து வருவது?

சிவகங்கை, புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் உங்கள் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு எந்த நாள் வருகிறார் என்று அங்கேயே விசாரியுங்கள். அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம்.

பழைய சீட்டு, இப்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகள், சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடுவது உட்பட. நாட்டு மருந்து எடுத்தால் அதையும் மறைக்காமல் கொண்டு வாருங்கள். கடைசியாக நன்றாக இருந்தது எப்போது, முதலில் மாறியது என்ன என்று ஒரு தாளில் நாலு வரி எழுதி, அதை அவரிடமே படிக்கக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். தப்பு என்று அவர் சொல்லும் இடத்தில் அவர் கையாலேயே திருத்தட்டும்.